பள்ளியில் கறுப்பின மாணவர்களுக்காகக் குரல் கொடுப்பது: எங்கிருந்து தொடங்குவது? (நியூஜெர்சி)

நிறைமதி:

வணக்கம். எங்கள் மிடில் ஸ்கூலின் பெற்றோர் ஆலோசனைக் குழுவில் இந்த ஆண்டு நானும் இருக்கிறேன். நியூஜெர்சியில் நடுத்தர அளவுள்ள டிஸ்ட்ரிக்ட் இது. குழுவிலுள்ள கறுப்பினப் பெற்றோர் மூன்று விஷயங்களை விடாமல் சொல்லிவருகிறார்கள். தங்கள் பிள்ளைகள் சின்னச் சின்னக் காரணங்களுக்கெல்லாம் சஸ்பெண்ட் ஆகிறார்கள். ஹானர்ஸ் (மேல்நிலை) கணக்கு வகுப்பில் கறுப்பின மாணவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இனவசை பற்றிப் புகார் கொடுத்தால் பள்ளி அதை "பிள்ளைகளுக்குள் சண்டை" என்று எழுதி மூடிவிடுகிறது.

பிரின்சிபல் மோசமானவர் அல்ல. ஒவ்வொரு கூட்டத்திலும் "நாங்கள் எல்லாக் குழந்தைகளையும் ஒரே மாதிரிதான் நடத்துகிறோம், தனித்தனிச் சம்பவங்களை வைத்து முடிவுக்கு வரமுடியாது" என்கிறார். குழுவில் பாதிப்பேர் இந்தியப் பெற்றோர். பெரும்பாலும் பேசாமல் இருந்துவிடுகிறோம்.

என்ன தரவைக் கேட்பது, யாரிடம் கேட்பது, எந்தச் சட்டம் எதற்குப் பயன்படும், நம்மவர்கள் இதில் எந்த இடத்தில் நிற்பது சரி? வாஷிங்டனில் இப்போதுள்ள சூழலில் இதையெல்லாம் பேசவே முடியுமா? தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

முகிலன்:

தரவில் இருந்து தொடங்குகிறேன். "தனித்தனிச் சம்பவம்" என்ற வாதத்துக்கு அதுதான் பதில்.

சஸ்பென்ஷன் என்பது ஒரே முடிவு அல்ல, வரிசையாக எடுக்கப்படும் பல முடிவுகள். ஆசிரியர் ரெஃபரல் எழுதி ஆபீசுக்கு அனுப்புகிறார். வைஸ் பிரின்சிபல் அதற்கு எச்சரிக்கையா, டிடென்ஷனா, சஸ்பென்ஷனா என்று முடிவு செய்கிறார். பிறகு எத்தனை நாள் என்பது. இதில் எந்தப் படியில் இடைவெளி திறக்கிறது என்று தெரியாமல் "சஸ்பென்ஷனைக் குறையுங்கள்" என்று கேட்டால், பள்ளி அதே மாணவரை வீட்டுக்கு அனுப்பாமல் தனி அறையில் உட்காரவைத்து எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டிவிடும். அவர் இழந்த வகுப்பு நேரம் இழந்ததுதான்.

நாடு முழுவதும் நிலவும் படம் இதுதான். ஃபெடரல் கணக்காய்வு அலுவலகம் 2018-இல் வெளியிட்ட அறிக்கை 2013-14 தரவை ஆராய்ந்தது. பொதுப் பள்ளி மாணவர்களில் கறுப்பினத்தவர் 15.5 சதவீதம், சஸ்பெண்ட் ஆனவர்களில் சுமார் 39 சதவீதம். ஏழைப் பள்ளி, வசதியான பள்ளி என்ற வேறுபாடு இல்லாமல் எல்லா வகைப் பள்ளியிலும் இந்த ஏற்றத்தாழ்வு இருந்தது. "இது வறுமைப் பிரச்சினை, இனப் பிரச்சினை அல்ல" என்பவர்களிடம் இதைச் சொல்லுங்கள். 2017-18 தரவில் ப்ரீஸ்கூல் குழந்தைகளில் கறுப்பினத்தவர் 18.2 சதவீதம், பள்ளிக்கு வெளியே சஸ்பெண்ட் ஆன ப்ரீஸ்கூல் குழந்தைகளில் 43.3 சதவீதம். மூன்று நான்கு வயதுக் குழந்தைகளைப் பற்றிப் பேசுகிறோம்.

இனி உங்கள் பள்ளி. கல்வித் துறையின் சிவில் ரைட்ஸ் டேட்டா கலெக்‌ஷன் இணையதளத்தில் ஒவ்வொரு பள்ளிக்கும் இனவாரியான எண்ணிக்கை கிடைக்கும். இரண்டு மூன்று ஆண்டுகள் பழைய தரவாக இருக்கும். அதை ஆரம்பப் புள்ளியாக வைத்துக்கொண்டு, கடந்த மூன்று கல்வியாண்டுகளின் தரவை டிஸ்ட்ரிக்டிடம் ஓப்ரா சட்டத்தின் (அரசு ஆவணங்களைக் கேட்டுப் பெறும் மாநிலச் சட்டம்) கீழ் எழுத்தில் கேளுங்கள். விண்ணப்பம் ரெக்கார்ட்ஸ் கஸ்டோடியனுக்கு (ஆவணப் பொறுப்பாளர்) போகவேண்டும். பெரும்பாலான டிஸ்ட்ரிக்டுகளில் அவர்தான் பிசினஸ் அட்மினிஸ்ட்ரேட்டர். பதிலுக்கு ஏழு வேலை நாள் கெடு. நீட்டிப்புக் கேட்பது வழக்கம்.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். "இனவாரியாக ஆய்வு செய்து அறிக்கை தாருங்கள்" என்று கேட்டால் மறுத்துவிடலாம், ஏனெனில் புதிய ஆவணம் தயாரிக்கும் கடமை அவர்களுக்கு இல்லை. ஆனால் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே பதிவான புலங்களை எடுத்துத் தரச்சொல்லிக் கேட்கலாம். டேட்டாபேசில் உள்ள தகவலும் அரசு ஆவணமே என்று 2017-இல் நியூஜெர்சி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. எனவே இப்படிக் கேளுங்கள்: பெயர், அடையாள எண் நீங்கலாக ஒவ்வொரு ரெஃபரலுக்கும் கல்வியாண்டு, வகுப்பு, இனம், பாலினம், ஐஇபி (சிறப்புக் கல்வி தேவைப்படும் மாணவருக்கான தனித்திட்டம்) உண்டா இல்லையா, குற்ற வகை, நடந்த இடம், நேரம், கொடுத்த தண்டனை, எத்தனை நாள். அந்தரங்கப் பாதுகாப்பைக் காட்டி சிறிய எண்களை மறைப்பார்கள். அதில் நியாயம் உண்டு. மறைத்த கட்டங்களுக்குப் பதிலாக மூன்று ஆண்டுக் கூட்டுத்தொகையைக் கேளுங்கள்.

கணக்குப் போடுவது எளிது. கற்பனையாக 1,200 பேர் படிக்கும் பள்ளி என்று வைத்துக்கொள்வோம். கறுப்பின மாணவர் 150 பேரில் 30 பேர் ஒருமுறையாவது சஸ்பெண்ட்: 20 சதவீதம். மற்ற 1,050 பேரில் 63 பேர்: 6 சதவீதம். 20-ஐ 6-ஆல் வகுத்தால் 3.3. இதுதான் ரிஸ்க் ரேஷியோ. டிஸ்ட்ரிக்டின் கல்வி போர்டு கூட்டத்தில் இந்த ஓர் எண்ணைச் சொன்னால் போதும். மாணவர் எண்ணிக்கையையும் சம்பவ எண்ணிக்கையையும் கலந்துவிடாதீர்கள். ஒரே மாணவர் ஐந்து முறை சஸ்பெண்ட் ஆனால் அவர் ஒருவர், சம்பவம் ஐந்து. கலந்தால் முதல் கேள்வியிலேயே உங்கள் அட்டவணையைத் தூக்கி எறிந்துவிடுவார்கள். மொத்தமே பன்னிரண்டு கறுப்பின மாணவர்கள்தான் என்றால் ஓராண்டு விகிதத்தைப் பேசவே பேசாதீர்கள். இரண்டு பேரால் எண் தலைகீழாகிவிடும்.

அடுத்து குற்ற வகை. இதுதான் பொக்கிஷம். ரெஃபரல்களை இரண்டாகப் பிரியுங்கள். புகைத்தல், பொருளை உடைத்தல், வகுப்புக்கு வராமை போலக் கண்ணால் கண்டு உறுதிசெய்யக்கூடியவை ஒரு பக்கம். மரியாதைக் குறைவு, கீழ்ப்படியாமை, வகுப்புக்கு இடையூறு என ஆசிரியரின் கணிப்பைச் சார்ந்தவை இன்னொரு பக்கம். ரஸ்ஸல் ஸ்கிபா குழு 2002-இல் வெளியிட்ட ஆய்வில் வெள்ளையின மாணவர்கள் முதல் வகைக்கும், கறுப்பின மாணவர்கள் இரண்டாவது வகைக்கும் கூடுதலாக அனுப்பப்பட்டார்கள். உங்கள் பள்ளியிலும் இரண்டாவது வகையில்தான் இடைவெளி பெரிது என்றால், கேட்கவேண்டியது தெளிவு: அந்த வகைகளுக்கு எழுத்தில் வரையறை வேண்டும், அவற்றுக்கு மட்டும் சஸ்பென்ஷன் கூடாது. நியூஜெர்சி விதிப்படி டிஸ்ட்ரிக்ட் தன் நடத்தை விதிகளை ஆண்டுதோறும் மறுபரிசீலனை செய்யவேண்டும். திருத்தம் கேட்க அதுவே வாசல். கலிஃபோர்னியா "வேண்டுமென்றே கீழ்ப்படியாமை" என்ற காரணத்துக்கு சஸ்பெண்ட் செய்வதைச் சின்ன வகுப்புகளில் தொடங்கிப் படிப்படியாக எல்லா வகுப்புகளுக்கும் சட்டத்தாலேயே தடுத்திருக்கிறது. முன்மாதிரி கேட்டால் அதைக் காட்டலாம்.

ஆசிரியர் பெயர்வாரியாகத் தரவு கேட்பதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். கிடைக்காது. கிடைத்தாலும் பேச்சு ஒரு ஆசிரியரைப் பற்றியதாக மாறி, விதி அப்படியே இருந்துவிடும்.

வானதி:

முகிலன் சொன்னது பள்ளி முழுவதற்குமான வேலை. அது முடிய ஓராண்டு ஆகும். இடையில் ஒரு குழந்தை நாளை சஸ்பெண்ட் ஆகும். அந்தப் பெற்றோருக்குப் பக்கத்தில் நிற்க, நடைமுறை தெரிந்திருக்கவேண்டும்.

பத்து நாள் அல்லது அதற்குக் குறைவான சஸ்பென்ஷனாக இருந்தாலும், குற்றச்சாட்டு என்ன என்று சொல்லி, மாணவர் தன் தரப்பைச் சொல்ல வாய்ப்புக் கொடுக்கவேண்டும். இது 1975-இல் கோஸ் எதிர் லோபஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கொடுத்த உரிமை. பிள்ளையிடம் கேட்கவேண்டிய முதல் கேள்வி: "உன் பக்கத்தை யார் கேட்டார்கள், எப்போது?" முடிவெடுத்த பிறகு கேட்டிருந்தால் அதை அன்றைக்கே மின்னஞ்சலில் பதிவு செய்யுங்கள். நியூஜெர்சியில் பத்து நாளுக்கு மேல் போனால் போர்டு முன் முறையான விசாரணை உண்டு. சஸ்பென்ஷன் காலத்தில் பாடம் நடத்த ஏற்பாடு செய்வதும் டிஸ்ட்ரிக்டின் கடமை. கேட்காவிட்டால் பெரும்பாலும் கிடைக்காது.

ஐஇபி அல்லது 504 பிளான் (இயலாமை உள்ள மாணவருக்குத் தேவையான வசதிகளைத் தரும் திட்டம்) உள்ள பிள்ளை என்றால் பத்து நாள் என்பது எல்லைக்கோடு. ஓராண்டில் துண்டு துண்டாகக் கொடுத்த சஸ்பென்ஷன்களும் ஒரே மாதிரித் தொடர்ந்தால் சேர்த்துக் கணக்கில் வரும். "அம்மா, இன்றைக்குச் சீக்கிரம் வந்து கூட்டிப்போங்கள்" என்று போனில் சொல்லி அனுப்பும் நாட்களைப் பள்ளி எங்கும் பதிவதில்லை. பெற்றோர் தேதியோடு குறித்துவைக்கவேண்டும். எல்லை தாண்டினால் பத்துப் பள்ளி நாட்களுக்குள் கூட்டம் நடத்தி, அந்த நடத்தை இயலாமையின் வெளிப்பாடா என்று பார்க்கவேண்டும். ஆம் என்றால், ஆயுதம், போதைப்பொருள், கடும் காயம் ஆகிய மூன்று விலக்குகள் தவிர, பிள்ளை பழைய இடத்துக்கே திரும்பவேண்டும்.

பலருக்குத் தெரியாத ஒன்று: இன்னும் ஐஇபி கிடைக்காத பிள்ளைக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு, சம்பவத்துக்கு முன்பே பெற்றோர் எழுத்தில் கவலை தெரிவித்திருந்தாலோ மதிப்பீடு கேட்டிருந்தாலோ. எனவே கவனக்குறைவு, வாசிப்புச் சிரமம் எதுவாயினும் சைல்டு ஸ்டடி டீமுக்கு (சிறப்புக் கல்வி தேவையா என்று மதிப்பிடும் பள்ளிக் குழு) இன்றே எழுதுங்கள். எழுத்தில் கேட்டால் இருபது நாளுக்குள் கூட்டம் வைக்கவேண்டும். வாய்மொழியாகக் கேட்டால் எந்தக் கடிகாரமும் ஓடாது.

இதற்கு நேர் எதிரான ஆபத்தும் உண்டு. கறுப்பினக் குழந்தைகளைத் தேவையில்லாமல் சிறப்புக் கல்விக்குள், அதிலும் தனி வகுப்புக்குள் தள்ளுவது பழைய கதை. கலிஃபோர்னியாவில் லாரி பி. வழக்கில் 1979-இல் வந்த தீர்ப்பு ஐக்யூ டெஸ்டை வைத்து அப்படித் தள்ளியதற்கு எதிரானது. ஃபெடரல் சட்டப்படி, அடையாளம் காண்பதிலோ தண்டனையிலோ இன ஏற்றத்தாழ்வு மாநிலம் வைத்த வரம்பைத் தாண்டினால், டிஸ்ட்ரிக்ட் தன் சிறப்புக் கல்வி நிதியில் 15 சதவீதத்தை முன்கூட்டிய உதவிக்கு ஒதுக்கியே ஆகவேண்டும். உங்கள் டிஸ்ட்ரிக்ட் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று ஸ்பெஷல் சர்வீசஸ் டைரக்டரிடம் கேளுங்கள். ஆம் என்றால், அந்தப் பணம் எதற்குச் செலவாகிறது என்று கேளுங்கள்.

இனவசைக்கு வருகிறேன். நியூஜெர்சியின் எச்ஐபி (துன்புறுத்தல், மிரட்டல், கொடுமைப்படுத்தல்) தடைச் சட்டம் நாட்டிலேயே கடுமையானவற்றில் ஒன்று. இனம் காரணமாக நடந்தது என்று நியாயமாகக் கருதக்கூடிய ஒரே ஒரு சம்பவம்கூடப் போதும். திரும்பத் திரும்ப நடக்கவேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. "பிள்ளைகளுக்குள் சண்டை" என்று எழுதி மூடுவது இங்கேதான் தவறாகிறது. சண்டையில் இரு பக்கமும் சமம். இனவசையில் ஒரு பக்கம் குறிவைக்கப்படுகிறது.

மாநிலம் வெளியிட்ட எச்ஐபி 338 படிவத்தைப் பெற்றோரே நிரப்பிக் கொடுக்கலாம். சொன்ன வார்த்தையை அப்படியே எழுதுங்கள், "தகாத வார்த்தை" என்று மழுப்பவேண்டாம். எழுத்துப் புகாரில் இருந்து பத்துப் பள்ளி நாளுக்குள் விசாரணை முடியவேண்டும். முடிவு போர்டுக்குப் போனபின் ஐந்து பள்ளி நாளில் பெற்றோருக்குத் தகவல் வரவேண்டும். திருப்தி இல்லையென்றால் 60 நாளுக்குள் போர்டு முன் விசாரணை கேட்கலாம். அதன்பின் 90 நாளுக்குள் கல்வி ஆணையரிடம் மேல்முறையீடு.

முடி விஷயம் தனி. முடியின் தன்மை, பாணியை வைத்துப் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் கிரவுன் சட்டம் நியூஜெர்சியில் 2019 டிசம்பரில் வந்தது. பின்னல், லாக்ஸ், ட்விஸ்ட் எதற்கும் பள்ளியோ விளையாட்டு அணியோ தடை போட்டால் அது இனப் பாகுபாடு.

நிறைமதி:

முகிலன், வானதி அக்கா, இரண்டு பேருக்கும் நன்றி. ஹானர்ஸ் கணக்கு பற்றியும் யாராவது சொல்லுங்கள். இதில்தான் நம் பெற்றோர் கோபப்படுகிறார்கள், "எங்கள் பிள்ளை இடத்தைப் பறிக்கப் பார்க்கிறீர்களா" என்று. ஃபெடரல் சூழல் பற்றிய கேள்வியும் நிற்கிறது.

சுடர்க்கொடி:

யாருடைய இடத்தையும் எடுக்கவேண்டியதில்லை. ஹானர்ஸ் கணக்கு கொண்டுபோய்ச் சேர்க்கும் எட்டாம் வகுப்பு அல்ஜீப்ராவில் இத்தனை இடம்தான் என்று இயற்கை விதித்திருக்கிறதா? தகுதியான பிள்ளைகள் கூடினால் இன்னொரு செக்‌ஷன் திறக்கவேண்டும், அவ்வளவுதான். கூட்டத்தில் இதை முதலிலேயே சொல்லிவிட்டால் பாதிக் கோபம் அடங்கும்.

இந்த அல்ஜீப்ரா ஏன் இவ்வளவு முக்கியம்? எட்டில் அல்ஜீப்ரா, ஒன்பதில் ஜியோமெட்ரி, பத்தில் அல்ஜீப்ரா டூ, பதினொன்றில் பிரீகால்குலஸ், பன்னிரண்டில் கால்குலஸ். எட்டில் ஏறாத பிள்ளை பின்னால் கோடை விடுமுறையில் படித்தோ ஒரே ஆண்டில் இரண்டு கணக்கு எடுத்தோதான் கால்குலஸைத் தொடமுடியும். இந்த வாசல் உண்மையில் ஆறாம் வகுப்பிலேயே, சில இடங்களில் ஐந்தின் முடிவிலேயே மூடுகிறது. ஆகவே எட்டாம் வகுப்பு எண்ணிக்கையை மட்டும் பார்க்காமல், பிரிவு எப்போது நடக்கிறது என்று கேளுங்கள்.

அடுத்து, எப்படித் தேர்வு செய்கிறார்கள்? மூன்று இடத்தில் ஒழுகும். ஆசிரியர் பரிந்துரை ஒன்று. மதிப்பெண் இருந்தும் பரிந்துரை வராத கறுப்பினப் பிள்ளைகள் இங்கே விடுபடுகிறார்கள். ஜேசன் கிரிசம், கிறிஸ்டோபர் ரெட்டிங் இருவரும் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், மதிப்பெண் சமமாக இருந்தும் கறுப்பினக் குழந்தைகள் கிஃப்டட் (மிகு திறன் மாணவர்களுக்கான) வகுப்புக்குப் போகும் வாய்ப்பு குறைவாக இருந்தது. ஆசிரியரும் கறுப்பினத்தவராக இருந்த இடங்களில் அந்தக் குறைவு பெரும்பாலும் தென்படவில்லை. இரண்டாவது, பெற்றோர் கையெழுத்துப் போட்டுப் பிள்ளையை மேல் வகுப்பில் சேர்க்கும் படிவம். அப்படி ஒன்று இருப்பதே சில குடும்பங்களுக்குத்தான் தெரியும். நம்மவர்களின் வாட்ஸப் குழுக்களில் அது உலாவும். மூன்றாவது, வெளியே பணம் கொடுத்து எடுத்த டெஸ்ட் மதிப்பெண்ணை ஏற்பது.

மாற்று என்ன? ஃபுளோரிடாவின் ப்ரோவர்ட் கவுண்டியில் இரண்டாம் வகுப்புக் குழந்தைகள் அனைவருக்கும் ஸ்கிரீனிங் டெஸ்ட் வைத்தார்கள். டேவிட் கார்ட், லாரா ஜூலியானோ இருவரும் அதை ஆராய்ந்து 2016-இல் எழுதினார்கள். கிஃப்டட் பிரிவில் கறுப்பின, ஹிஸ்பானிக் குழந்தைகள் கணிசமாகக் கூடினார்கள். அந்தக் குழந்தைகள் எங்கிருந்தும் புதிதாக வரவில்லை. ஆசிரியரும் பெற்றோரும் பரிந்துரைக்காமல் அதே வகுப்புகளில் இருந்தவர்கள்தான். பிறகு நிதி நெருக்கடியில் திட்டத்தை நிறுத்தியதும் பழைய இடைவெளி திரும்பிவிட்டது.

மிடில் ஸ்கூலுக்கு இதன் வடிவம் ஆட்டோமேட்டிக் என்ரோல்மென்ட். மாநிலத் தேர்வில் குறிப்பிட்ட நிலைக்கு மேல் எடுத்தால் பிள்ளை தானாக மேல் வகுப்பில் சேர்க்கப்படும். வேண்டாம் என்றால் பெற்றோர் எழுதிக்கொடுத்து விலகலாம். வாஷிங்டன் மாநிலத்தின் ஃபெடரல் வே டிஸ்ட்ரிக்ட் 2010-இல் தொடங்கியதை அந்த மாநிலம் 2019-இல் சட்டமாக்கியது. டெக்சஸ் 2023-இல் ஐந்தாம் வகுப்புக் கணக்குத் தேர்வில் முதல் 40 சதவீத மாணவர்களுக்குள் வந்தவர்களுக்கு இதைக் கட்டாயமாக்கியது. இரண்டும் அரசியலில் எதிரெதிர் மாநிலங்கள். உங்கள் போர்டில் யார் எந்தக் கட்சியாக இருந்தாலும் ஏதாவது ஓர் உதாரணம் உதவும்.

எங்கே கெடும்? சேர்த்துவிட்டு ஆதரவு இல்லாமல் விட்டால் கெடும். முதல் ஆறு வாரத்தில் ஒரு பிள்ளை தடுமாறினால் உடனே கீழே இறக்கும் பழக்கம் உண்டு. இறக்குவதற்கு முன் கூடுதல் பயிற்சி கொடுத்தாக வேண்டும், பெற்றோர் சம்மதம் வேண்டும் என்று விதியிலேயே எழுதவையுங்கள். டைம்டேபிளையும் பாருங்கள். ஹானர்ஸ் கணக்கும் ரிசோர்ஸ் ரூமும் (சிறப்புக் கல்வி வகுப்பு) ஒரே பீரியடில் இருந்தால் ஐஇபி உள்ள திறமைசாலிக்கு வாசல் சத்தமில்லாமல் அடைபட்டுவிடும். ஒரே பிள்ளை மட்டும் கறுப்பினம் என்று ஒரு செக்‌ஷனில் தனியே விடாமல், இரண்டு மூன்று பேராவது சேர்ந்திருக்கும்படி கவுன்சிலர் பார்த்துக்கொண்டால் பிள்ளைகள் நிலைத்து நிற்பார்கள்.

இனி ஃபெடரல் கேள்வி. இனத்தைக் கருத்தில் கொள்ளும் திட்டங்களை எச்சரித்து 2025 பிப்ரவரி 14-இல் கல்வித் துறை ஒரு கடிதம் அனுப்பியது. ஆகஸ்டில் மேரிலேண்ட் ஃபெடரல் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. கடிதம் என்ன ஆனாலும் அனைவருக்கும் டெஸ்ட், மதிப்பெண் அடிப்படையில் தானாகச் சேர்த்தல், தெளிவான தண்டனை விதி ஆகிய எல்லாமே எந்த இனத்துப் பிள்ளைக்கும் ஒரே விதி. 2023-இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு கல்லூரி சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுப்பது பற்றியது. வர்ஜீனியாவின் தாமஸ் ஜெஃபர்சன் பள்ளி சேர்க்கை வழக்கில், இனம் பார்க்காத புதிய முறையை மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றது. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதில் தலையிட மறுத்தது. எனவே உங்கள் மனுவில் "இன்னின்ன இனத்துக்கு இத்தனை இடம்" என்று எழுதாதீர்கள். விதியை எழுதுங்கள். விளைவை மட்டும் இனவாரியாக அளந்து ஆண்டுதோறும் வெளியிடச் சொல்லுங்கள்.

வானதி:

இதோடு ஒன்று சேர்க்கிறேன். ஃபெடரல் சிவில் உரிமை அலுவலகத்தில் டைட்டில் சிக்ஸ் (ஃபெடரல் நிதி பெறும் இடங்களில் இனப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டப் பிரிவு) புகார் கொடுக்க 180 நாள் கெடு இன்னும் இருக்கிறது. ஆனால் 2025 மார்ச்சில் பன்னிரண்டு வட்டார அலுவலகங்களில் ஏழு மூடப்பட்டன. நியூஜெர்சியைப் பார்த்துவந்த நியூயார்க் அலுவலகமும் அதில் போயிற்று. விரைவான பதிலை எதிர்பார்க்கவேண்டாம். மாநிலத்தின் டிவிஷன் ஆன் சிவில் ரைட்ஸ் தனி வழி. நியூஜெர்சியின் பாகுபாடு தடைச் சட்டம் பொதுப் பள்ளிகளுக்கும் பொருந்தும். அங்கேயும் 180 நாள்தான். எச்ஐபி மேல்முறையீடு ஓடிக்கொண்டிருக்கிறது என்பதால் இந்தக் கெடு நிற்காது. இரண்டையும் தனித்தனியாகக் காலண்டரில் குறித்துவையுங்கள். டிஸ்ட்ரிக்டில் அஃபர்மேடிவ் ஆக்‌ஷன் அலுவலர் என்று, சம வாய்ப்பைக் கவனிக்க ஒருவர் கட்டாயம் இருக்கவேண்டும். மூன்றாண்டுக்கு ஒருமுறை தயாரிக்கும் கம்ப்ரிஹென்சிவ் ஈக்விட்டி பிளானை (சமத்துவத் திட்டம்) அவரிடம் வாங்கிப் படியுங்கள். நீங்கள் கேட்கப்போகும் பலவற்றை ஏற்கெனவே செய்வதாக அதில் எழுதியிருப்பார்கள்.

பழனி ஆர்:

நம்மவர்கள் நிற்கவேண்டிய இடம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எனக்கு இதில் உறுதியான கருத்து உண்டு. கறுப்பினப் பெற்றோருக்குப் பதிலாக நாம் பேசக்கூடாது. அவர்கள் பேசும்போது தனியாக விடவும் கூடாது.

நடைமுறையில் இது இப்படி இருக்கும். எதைக் கேட்பது என்பதை அவர்களின் சங்கம், சர்ச், என்ஏஏசிபி (கறுப்பினத்தவர் உரிமைக்கான அமைப்பு) கிளை முடிவு செய்யட்டும். ஓப்ரா விண்ணப்பம் போடுவது, அட்டவணை தயாரிப்பது, கூட்டத்தில் குறிப்பெடுப்பது போன்ற வேலையை நாம் எடுத்துக்கொள்ளலாம். தரவை முதலில் அவர்களிடம் காட்டுங்கள், பிரின்சிபலிடம் அல்ல. ஒரு பிள்ளையின் கதையைக் குடும்பத்தின் அனுமதி இல்லாமல் எந்தக் கூட்டத்திலும் சொல்லாதீர்கள். சின்னப் பள்ளியில் வகுப்பும் மாதமும் சொன்னாலே யார் என்று தெரிந்துவிடும்.

போர்டு கூட்டத்தில் பொதுமக்கள் பேச ஆளுக்குச் சில நிமிடம்தான். ஆறு பேர் ஒரே குமுறலைக் கொட்டினால் ஆறு பேருக்கும் நன்றி சொல்லி அடுத்த அஜெண்டாவுக்குப் போய்விடுவார்கள். பிரித்துக்கொள்ளுங்கள். ஒருவர் எண், ஒருவர் குற்ற வகை, ஒருவர் திருத்தவேண்டிய விதியின் எண்ணும் புதிய வாசகமும், ஒருவர் எந்தக் கூட்டத்தில் வாக்கெடுப்பு என்ற கேள்வி. அந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்காமல் யாரும் உட்காரக்கூடாது. எழுத்துப் பிரதியை போர்டு செக்ரட்டரியிடம் கொடுத்து மினிட்ஸில் சேர்க்கச் சொல்லுங்கள்.

நேரமும் முக்கியம். வன்முறை, எச்ஐபி சம்பவங்கள் பற்றி சூப்பரின்டென்டென்ட் ஆண்டுக்கு இருமுறை பொதுக் கூட்டத்தில் அறிக்கை கொடுக்கவேண்டும்: செப்டம்பர் முதல் டிசம்பருக்குள் ஒன்று, ஜனவரி முதல் ஜூனுக்குள் ஒன்று. உங்கள் கேள்விகளை அந்தக் கூட்டங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கிரீனிங் டெஸ்ட், கூடுதல் செக்‌ஷன், கவுன்சிலர் என்று பணம் வேண்டிய கோரிக்கை எதுவும் டிசம்பருக்குள் போகவேண்டும். மார்ச்சில் தற்காலிக பட்ஜெட் வந்துவிடும். ஏப்ரல் கடைசியில் நடக்கும் பொது விசாரணையில் கேட்டால் "அடுத்த ஆண்டு பார்ப்போம்" என்பார்கள்.

"நாங்கள் வந்து இருபது வருடத்தில் முன்னேறவில்லையா, அவர்களுக்கு என்ன?" என்று நம் கூட்டத்தில் யாராவது கேட்பார்கள். அதற்கு அமைதியாகப் பதில் வையுங்கள். நமக்குக் கதவு திறந்தது 1965 குடியேற்றச் சட்டம். அதற்கு முந்தைய ஆண்டுதான் சிவில் உரிமைச் சட்டம் வந்தது; அந்தப் போராட்டக் காற்றில்தான் நம் சட்டமும் நிறைவேறியது. அதன்பிறகும் பட்டமும் வேலையும் உள்ளவர்களை வடிகட்டித்தான் உள்ளே விட்டார்கள். வடிகட்டி வந்த கூட்டத்தை, அடிமைமுறையும் வீட்டுக்கடன் மறுப்பும் தாண்டி இங்கேயே இருக்கும் ஒரு முழு மக்களோடு ஒப்பிடுவது கணக்கிலேயே தப்பு. "தகுதி" என்ற பேச்சை யார் யார்மேல் எப்போது எறிவார்கள் என்பது தமிழருக்குப் புதிதாகச் சொல்லித்தரவேண்டியதும் இல்லை.

நியூஜெர்சி தாராளமான மாநிலம், இங்கே இதெல்லாம் கிடையாது என்பவர்களுக்கு ட்ரெண்டனைச் சொல்லுங்கள். வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளியில் தங்கள் பிள்ளைகளைச் சேர்க்க மறுத்த போர்டை எதிர்த்து கிளாடிஸ் ஹெட்ஜ்பெத், பெர்லின் வில்லியம்ஸ் என்ற இரண்டு கறுப்பினத் தாய்மார்கள் வழக்குப் போட்டு 1944-இல் வென்றார்கள். பள்ளியில் இனப் பிரிவினை செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்ன பிரவுன் தீர்ப்புக்குப் பத்து ஆண்டு முன்பு. 1947-இல் மாநில அரசியல் சாசனமே பொதுப் பள்ளியில் இனப் பிரிவினையைத் தடை செய்தது. அந்தத் தாய்மார்கள் கேட்டிருக்காவிட்டால் யாரும் தானாகக் கொடுத்திருக்கமாட்டார்கள்.

முகிலன்:

பழனி சாரின் போர்டு கூட்ட யோசனை அருமை. ஒரு எச்சரிக்கை. பள்ளி பெரும்பாலும் இரண்டில் ஒன்றை முன்வைக்கும்: ஆசிரியர்களுக்கு ஒருநாள் சார்புப் பயிற்சி, அல்லது ரெஸ்டோரேடிவ் வட்டங்கள் (தண்டனைக்குப் பதில் சம்பந்தப்பட்டவர்கள் உட்கார்ந்து பேசித் தீர்ப்பது). முதலாவதை மட்டும் ஏற்றுக்கொண்டு எழுந்துவராதீர்கள். ஒருநாள் பயிற்சி பேச்சை மாற்றும்; ஆனால் ரெஃபரல் எண்ணிக்கையை மாற்றும் என்பதற்குச் சான்று பலவீனம்.

இரண்டாவது நல்லதுதான், ஆனால் மந்திரம் அல்ல. பிட்ஸ்பர்க் பள்ளிகளில் ராண்ட் நிறுவனம் நடத்தி 2018-இல் வெளியிட்ட ஆய்வில் சஸ்பென்ஷன் நாட்கள் குறைந்தன, கறுப்பின, வெள்ளையின மாணவர்களுக்கு இடையிலான இடைவெளியும் குறுகியது. ஆனால் ஆறு முதல் எட்டு வகுப்புகளில் தேர்வு மதிப்பெண் இறங்கியது. உங்களுடையது மிடில் ஸ்கூல். ஆகவே கேட்கும்போதே சேர்த்துக் கேளுங்கள்: வட்டத்தை நடத்த முழுநேர ஆள் யார், ஆசிரியர் வகுப்பை விட்டுப் போகும் நேரத்துக்கு யார் ஈடு, முதல் ஆண்டு எந்தெந்தக் குற்ற வகைக்கு மட்டும். ஆள் இல்லாமல் போஸ்டர் ஒட்டித் தொடங்கினால், ஆறு மாதத்தில் ஆசிரியர்களே "ஒழுங்கு போய்விட்டது" என்று எதிராகத் திரும்புவார்கள். அப்போது பழி கறுப்பின மாணவர்கள் தலையில் விழும்.

சுடர்க்கொடி:

ஆசிரியர் நியமனத்தை யாரும் தொடவில்லை. 2017-18-இல் நாட்டின் பொதுப் பள்ளி ஆசிரியர்களில் சுமார் 79 சதவீதம் வெள்ளையினத்தவர், 7 சதவீதம்தான் கறுப்பினத்தவர். பிரவுன் தீர்ப்புக்குப் பிறகு பள்ளிகளை இணைத்தபோது தென்மாநிலங்களில் பல்லாயிரம் கறுப்பின ஆசிரியர்கள் வேலை இழந்தார்கள். அந்த இழப்பு இன்னும் ஈடாகவில்லை. டென்னசி தரவை வைத்து சேத் கெர்ஷென்சன் குழு செய்த ஆய்வில், மூன்றாம் வகுப்புக்குள் ஒரு கறுப்பின ஆசிரியராவது கிடைத்த கறுப்பினக் குழந்தைகள் கல்லூரியில் சேரும் வாய்ப்பு 19 சதவீதம் கூடியது.

இனத்தைப் பார்த்து வேலை கொடு என்று கேட்கமுடியாது, கேட்கவும் வேண்டாம். எங்கே விளம்பரம் செய்கிறார்கள், எப்போது செய்கிறார்கள் என்று கேளுங்கள். டெலவேர் ஸ்டேட், லிங்கன், செய்னி, மார்கன் ஸ்டேட் ஆகிய கறுப்பினப் பல்கலைக்கழகங்கள் எல்லாம் காரில் போகும் தூரம்தான். ஜூலையில் போனால் நல்லவர்கள் ஏற்கெனவே வேறு டிஸ்ட்ரிக்டில் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். பிப்ரவரி, மார்ச்சில் போகவேண்டும். உங்கள் பள்ளியிலேயே உதவியாளராக இருக்கும் பாராப்ரொஃபஷனல்கள் பலர் கறுப்பினத்தவராக இருப்பார்கள். அவர்கள் சான்றிதழ் பெற டிஸ்ட்ரிக்ட் கட்டணம் கட்டுமா என்று கேளுங்கள். மே 15-க்குள் டென்யூர் (நிரந்தரப் பணி உரிமை) இல்லாத ஆசிரியர்களுக்கு அடுத்த ஆண்டு வேலை உண்டா இல்லையா என்று எழுத்தில் சொல்லவேண்டும். அந்தப் பட்டியலில் யார் போகிறார்கள், ஏன் போகிறார்கள் என்ற எண்ணிக்கையை ஜூன் கூட்டத்தில் கேளுங்கள். புதிதாகச் சேர்ந்த கறுப்பின ஆசிரியர்கள் இரண்டே ஆண்டில் விலகிக்கொண்டிருந்தால், வேலைக்கு எடுப்பதை விட அவர்களை இருக்கவைப்பதில்தான் முதலில் கைவைக்கவேண்டும்.